பசங்களுக்கான டேட்டிங் வன்முறை தடுப்பு வகுப்புகள்: ஸ்கூல் காசு குடுத்து வாங்குறதுக்கு முன்னாடி நான் படிச்சுப் பார்த்தது

போன பிப்ரவரில என் பொண்ணு ஸ்கூல்ல ஒரு அசெம்ப்ளி வெச்சாங்க. நாங்க இருக்கிறது அமெரிக்காவுல நார்த் கரோலினா, ராலே பக்கம், பொண்ணு எட்டாவது. இங்க 2010ல இருந்து பிப்ரவரி மாசத்தை டீன் டேட்டிங் வன்முறை விழிப்புணர்வு மாசம்னு வெச்சிருக்காங்க, அந்தக் கணக்குக்கு எல்லா பசங்களையும் ஜிம் தரையில உட்கார வெச்சு நாப்பது நிமிஷம் ஸ்லைடு போட்டுக் காட்டி, வாசல்ல ஆளுக்கொரு ஆரஞ்சு கலர் ரிஸ்ட்பேண்ட் குடுத்து அனுப்பிட்டாங்க. சாயங்காலம் தோசை ஊத்திக்கிட்டே என்னடி சொன்னாங்கன்னு கேட்டேன். "அடிக்கக் கூடாதாம், யாராவது அடிச்சா யார்கிட்டயாவது சொல்லணுமாம்"னா.

மூணு வாரம் கழிச்சுத்தான் விஷயம் வெளிய வந்துச்சு. இவ கூடவே சுத்துற ஒரு பொண்ணு, அதுவும் தமிழ்ப் பொண்ணுதான், எங்க வீட்டுல சாப்பிட்டு வளர்ந்த குழந்தை. அதே கிளாஸ் பையன் ஒருத்தன் கூட நாலு மாசமா பழகிட்டு இருந்திருக்கு. போன்ல லொக்கேஷன் எப்பவும் ஆன்ல இருக்கணும், மெசேஜ் வந்த உடனே பதில் போடணும், லஞ்ச்ல யார் பக்கத்துல உக்காந்திருக்கேன்னு போட்டோ எடுத்து அனுப்பணும், லேட் ஆச்சுன்னா ரெண்டு நாளைக்குப் பேச மாட்டான், அப்புறம் அழுதுக்கிட்டே வருவான். ஒரு நாள் ஸ்கூல் மியூசிக் பேண்ட் ரூம் பின்னாடி இருக்கிற படிக்கட்டுல கையைப் பிடிச்சு முறுக்கினதுல மணிக்கட்டு கன்னிப் போச்சு, ஒரு வாரம் முழுக்கை ஸ்வெட்டர் போட்டே மறைச்சிருக்கு. என் பொண்ணுக்கு எல்லாம் தெரியும்.

எனக்கு வயிறு எரிஞ்சுது. "அசெம்ப்ளில அவ்ளோ சொன்னாங்களே, யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல"ன்னு கேட்டேன். அவ என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டா. "யார்கிட்டம்மா?"

டீச்சர்கிட்ட சொன்னா அவங்க வீட்டுக்கு போன் பண்ணுவாங்க. வீட்டுக்குத் தெரிஞ்சா முதல்ல போனைப் பிடுங்குவாங்க, பையன் கூட பழகினியான்னுதான் கேப்பாங்க, கையில என்ன காயம்னு கேக்க மாட்டாங்க. கவுன்சிலர் ஒருத்தர், அவர் பொறுப்புல நானூறு பசங்க. இதெல்லாம் என் பொண்ணு சொன்ன காரணம், பதிமூணு வயசுப் பொண்ணு இவ்ளோ யோசிச்சு வெச்சிருக்கா. அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட நானே போய்ப் பேசினேன், ரொம்ப கஷ்டமான சாயங்காலம் அது, ஸ்கூல்ல ரெண்டு பேரோட டைம்டேபிளையும் மாத்தினாங்க, இப்போ அந்தக் குழந்தை பரவாயில்லை. அதுக்கு மேல அது அவங்க விஷயம், இங்க எழுத மாட்டேன்.

ஆனா அதுக்கப்புறம் ஸ்கூல் ஹெல்த் கமிட்டில பேரன்ட் உறுப்பினரா சேர்ந்தேன். இந்த வருஷம் உருப்படியா ஒரு ப்ரோகிராம் வாங்கலாம்னு முடிவு பண்ணி அஞ்சாறு பிரோஷர் எடுத்து வெச்சிருந்தாங்க. எல்லாத்துலயும் முதல் பக்கத்துலயே 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கு. நான் பார்க்கிற வேலை கிளினிக்கல் ட்ரையல் டேட்டா, ஒரு மருந்து நிஜமாவே வேலை செஞ்சுதான்னு நம்பரைப் பார்த்துச் சொல்றதுதான் பதினோரு வருஷமா என் பொழப்பு. சரி, இதையும் அதே மாதிரி பார்த்துருவோம்னு ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி இருக்கிற ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து உக்காந்துட்டேன். ரெண்டு மாசம் ஆச்சு. மத்த பேரன்ட்ஸுக்கும் உதவும்னுதான் இந்த ரிவியூ.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நம்மாளுங்க நிறைய பேர் இதைப் படிக்கும்போதே எங்க வீட்டுப் புள்ள டேட்டிங் எல்லாம் போகாதுன்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். இங்க சிடிசி, அதான் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், ஹைஸ்கூல் பசங்ககிட்ட ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பேர் போடாம ஒரு சர்வே எடுக்கிறாங்க. 2019 கணக்குல, முந்தின ஒரு வருஷத்துல யாரோடயாவது பழகின பசங்கள்ல சுமார் 12ல ஒருத்தருக்கு அடி உதை நடந்திருக்கு, பாலியல் ரீதியா கட்டாயப்படுத்துறதும் கிட்டத்தட்ட அதே அளவு. நம்ம பசங்க மட்டும் இதுல இல்லைன்னு நினைக்க எந்தக் காரணமும் இல்லை, வீட்டுல சொல்றது வேணா நம்ம பசங்க குறைவா இருக்கலாம்.

இப்போ எப்படி எடை போட்டேன்னு சொல்றேன். எங்க வேலையில ஒரு மருந்தைக் கொண்டு வந்து, இதைச் சாப்பிட்டவங்களுக்குக் காய்ச்சலைப் பத்தி நல்ல அறிவு வந்திருக்குன்னு சொன்னா எழுந்து போன்னு சொல்லிருவாங்க. காய்ச்சல் இறங்குச்சா? அதான் கேள்வி. இந்த ப்ரோகிராம்கள்ல பாதிக்கு மேல என்ன அளந்திருக்காங்கன்னு பார்த்தா, வகுப்புக்கு முன்னாடி ஒரு பேப்பர், வகுப்பு முடிஞ்ச மறுநாள் அதே பேப்பர், 'பொறாமைப்படறது அன்போட அடையாளம், சரியா தப்பா'ன்னு கேள்வி, தப்புன்னு டிக் அடிச்சவங்க கூடியிருக்காங்க, அதனால வெற்றி. பசங்க கெட்டிக்காரங்க, எந்த பதிலை எதிர்பார்க்கிறாங்கன்னு அதுகளுக்குத் தெரியாதா. ஏட்டுச் சுரைக்காய்தான் இது. 2013ல காக்ரேன்ல, அதான் மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து வெச்சு எடை போடற அமைப்பு, இந்த மாதிரி 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க, அறிவு கொஞ்சம் கூடியிருக்கு, வன்முறை குறைஞ்சதுக்கு நம்பும்படியா ஆதாரம் இல்லைன்னு எழுதிட்டாங்க. 2017ல மிடில் ஸ்கூல், ஹைஸ்கூல் ப்ரோகிராம்கள் 23ஐ மட்டும் தனியா எடுத்து இன்னொரு குழு பார்த்தது, அதுலயும் மனப்போக்கு மாறியிருக்கு, நடத்தை பெருசா மாறலைன்னுதான் வந்துச்சு.

இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு மனசு ரொம்ப விட்டுப் போச்சு. ஆனா சராசரியைப் பார்த்து எல்லாத்தையும் தள்ளிடக் கூடாது, அதுக்குள்ள சிலது நிஜமாவே வேலை செஞ்சிருக்கு.

சேஃப் டேட்ஸ். இதுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இது எங்க ஊர்ச் சரக்கு. சேப்பல் ஹில்ல இருக்கிற நார்த் கரோலினா யுனிவர்சிட்டியில வாஞ்சி ஃபோஷீங்கிறவங்க உருவாக்கினது, 1994ல பக்கத்து ஜான்ஸ்டன் கவுன்டியில 14 பள்ளிக்கூடத்துல எட்டாவது ஒன்பதாவது பசங்கள வெச்சு சோதிச்சாங்க, எங்க வீட்டுல இருந்து அரை மணி நேர டிரைவ். எந்த ஸ்கூலுக்குக் குடுக்கணும் எதுக்குக் குடுக்கக் கூடாதுன்னு அவங்க இஷ்டத்துக்கு எடுக்காம சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி பிரிச்சாங்க, அது ரொம்ப முக்கியம், இல்லைன்னா ஆர்வமா இருக்கிற நல்ல ஸ்கூல் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துரும். ஒவ்வொண்ணும் 45 நிமிஷம்னு 10 வகுப்பு, பசங்களே நடிக்கிற ஒரு நாடகம், ஒரு போஸ்டர் போட்டி.

ஒரு மாசம் கழிச்சுக் கேட்டப்போ, மனரீதியா துன்புறுத்தறது 25% குறைவு, பாலியல் வன்முறை 60% குறைவு, அப்போ பழகிட்டு இருக்கிற ஆளை அடிக்கிறது 60% குறைவு. பிரோஷர்ல இதுதான் பெரிய எழுத்துல இருக்கும். ஒரு வருஷம் கழிச்சு என்ன ஆச்சுன்னு பிரோஷர்ல போட மாட்டாங்க: நடத்தையில வித்தியாசம் மறைஞ்சு போச்சு. இது தப்பு இதுக்கு இங்க உதவி கிடைக்கும்ங்கிற புரிதல் மட்டும் நின்னுச்சு. சரி, தீபாவளி மத்தாப்பு மாதிரி எரிஞ்சு அணைஞ்சிருச்சுன்னு நானும் மூடி வெச்சிருப்பேன், ஆனா 2004ல நாலு வருஷ ஃபாலோ அப் வெளியிட்டாங்க, அதுல வகுப்பு எடுத்த பசங்ககிட்ட அடிக்கிறது, மோசமா அடிக்கிறது, பாலியல் வன்முறை எல்லாம் 56ல இருந்து 92% வரைக்கும் குறைவு, பண்றதும் குறைவு, படறதும் குறைவு. நடுவுல மறைஞ்சது எப்படி திரும்ப வந்துச்சுன்னா, என் கணிப்பு இது: பதிமூணு வயசுல ரெண்டு குரூப்லயும் நிறைய பேர் பழகவே ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க, பதினேழு வயசுல தான் அந்தப் பாடம் தேவைப்படுது, வித்தியாசம் அப்போதான் தெரியுது. ஆனா நாலு வருஷம் கழிச்சு முதல்ல சேர்ந்த எல்லாரையும் பிடிக்கலை, ஒரு பகுதியைத்தான் பார்த்திருக்காங்க, அதையும் மனசுல வெச்சுக்கணும். உருவாக்கினவங்களே சோதிச்சாங்கங்கிறதும் ஒரு குறைதான், எங்க துறையில அதுக்கு மார்க் குறைப்போம்.

இதுல எனக்கு முக்கியமா பட்ட இன்னொரு விஷயம். வகுப்பு எடுத்த பசங்கள்ல பாதிப் பேருக்கு ரெண்டு வருஷம் கழிச்சு தபால்ல ஒரு சின்ன இதழும் ஒரு போன் காலும் வெச்சு ஞாபகப்படுத்திப் பார்த்தாங்க. பூஸ்டர் மாதிரி. அதனால கூடுதலா எந்தப் பலனும் இல்லை. எங்க அசெம்ப்ளியும் ரிஸ்ட்பேண்டும் அந்தத் தபாலை விட என்ன பெருசு? இனிமே அதுக்கு ஒரு டாலர் கூட ஒதுக்கக் கூடாதுன்னு கமிட்டில சொன்னதுக்கு இந்த ஒரு பத்தியைத்தான் காட்டினேன்.

பாடத்துல ஒரு நல்ல விஷயம், 10 வகுப்புல ரெண்டு, நண்பருக்கு எப்படி உதவறதுங்கிறதைப் பத்தி. பாதிக்கப்பட்ட பொண்ணு நேரா டீச்சர்கிட்ட வராது, தோழிகிட்ட தான் வரும், என் பொண்ணுகிட்ட வந்த மாதிரி. அந்தத் தோழிக்கு என்ன பேசணும் எங்க கூட்டிட்டுப் போகணும்னு தெரிஞ்சிருந்தா நாலு மாசம் நாலு வாரமா ஆகியிருக்கும். எழுதினது 90கள்ல, அப்போ பசங்க கையில போன் கிடையாது. புதுப் பதிப்புல போன் வழியா பண்ற தொல்லையையும் சேர்த்திருக்காங்க, ஆனா அதை வாங்கறப்போ பதிப்பு பார்த்து வாங்குங்க, ஸ்கூல் லைப்ரரில பழைய டப்பா கிடந்தா அதை வெச்சு ஓட்டிடாதீங்க. மொத்தத்துல 5க்கு 4 குடுப்பேன்.

கனடாவுல ஒண்டாரியோவுல ஃபோர்த் ஆர்னு ஒண்ணு. படிப்பு, எழுத்து, கணக்குன்னு ஆங்கிலத்துல மூணு ஆர் சொல்வாங்க, நாலாவது உறவு. டேவிட் வுல்ஃப் குழு பண்ணினது, 20 ஹைஸ்கூல், ஒன்பதாவது படிக்கிற 1,722 பசங்க, உடற்பயிற்சி ஹெல்த் வகுப்புலயே 21 பாடமா நுழைச்சுட்டாங்க. தனியா நேரம் ஒதுக்கத் தேவையில்லை, வழக்கமா வர டீச்சரே எடுக்கிறாங்க, ஒரு பிள்ளைக்கு 16 கனடா டாலர்தான் செலவு. ரெண்டரை வருஷம் கழிச்சு கேட்டப்போ வகுப்பு எடுக்காத பசங்கள்ல 9.8% பேர் நான் அடிச்சிருக்கேன்னு சொன்னாங்க, எடுத்தவங்கள்ல 7.4%. சின்ன வித்தியாசமா தெரியுதா? பிரிச்சுப் பாருங்க. பையன்கள்ல 7.1%ல இருந்து 2.7%க்கு இறங்கியிருக்கு. பொண்ணுங்கள்ல 12.1, 11.9, கிட்டத்தட்ட அப்படியே இருக்கு.

இந்த இடத்துல நான் ரெண்டு நாள் நின்னுட்டேன். பொண்ணுங்கதான் அதிகமா அடிக்கிறாங்கன்னு நம்பர் சொல்லுதே? இந்த சர்வேல எல்லாம் 'கடந்த ஒரு வருஷத்துல நீ தள்ளினியா, அறைஞ்சியா, எதையாவது தூக்கி அடிச்சியா'ன்னு கேட்டு எண்ணிக்கை எடுக்கிறாங்க. கையை முறுக்கினவனை உதறித் தள்ளின பொண்ணும் 'ஆமா, தள்ளினேன்'னு டிக் போடும். கோவத்துல தோள்ல ஒரு தட்டு தட்டினதும் ஒண்ணு, பயந்து நடுங்க வெச்சதும் ஒண்ணு, பேப்பர்ல ரெண்டும் ஒரே கட்டம். யார் பயந்தாங்க, யாருக்குக் காயம்னு தனியா கேட்டாத்தான் படம் முழுசா தெரியும். அதனால பொண்ணுங்களுக்குப் பலன் இல்லைன்னு நான் எடுத்துக்கலை, அளவுகோல் சரியா பிடிக்கலையோன்னு சந்தேகப்படறேன், அதே சமயம் பொண்ணுங்க கை நீட்டறதும் வன்முறைதான், அதையும் பாடத்துல பேசணும், நம்ம வீட்டுல பொண்ணு அடிச்சா செல்லமா சிரிச்சுட்டு விட்டுடறோம்.

டேட்டாவைப் பத்திப் பேசும்போதே இன்னொண்ணு. எல்லாமே பசங்க தானா சொல்றது. ஒரு நல்ல வகுப்பு எடுத்தா என்ன ஆகும்னா, லொக்கேஷன் கேட்டு மிரட்டறதும் வன்முறைதான்னு அன்னிக்குத்தான் அதுகளுக்குத் தெரியும், உடனே சர்வேல 'ஆமா நானும் பண்ணியிருக்கேன்'னு எழுதுவாங்க. வகுப்பு நல்லா வேலை செஞ்சதால நம்பர் மோசமா தெரியும். க்ளீவ்லேண்ட் பக்கத்துல ஆறாவது ஏழாவது பசங்ககிட்ட பண்ண ஒரு ஆய்வுல இப்படித்தான், கூடப் படிக்கிறவங்க மேல வன்முறை குறைஞ்சுது, ஆனா டேட்டிங்ல நான் வன்முறை பண்ணினேன்னு சொல்றவங்க கூடியிருந்தாங்க. நிஜமா கூடுச்சா, ஒத்துக்கிறது கூடுச்சான்னு அந்தப் பேப்பரை வெச்சு மட்டும் அடிச்சுச் சொல்ல முடியாது. எங்க ஸ்கூல்ல முதல் வருஷம் புகார் கூடினா ப்ரோகிராம் தோத்துப் போச்சுன்னு தயவு செஞ்சு யாரும் நிறுத்திடாதீங்கன்னு முன்கூட்டியே மினிட்ஸ்ல எழுத வெச்சுட்டேன்.

க்ளீவ்லேண்ட் ஆய்வு பண்ணின அதே புரூஸ் டெய்லர், நேன் ஸ்டைன் ரெண்டு பேரும் அடுத்து நியூயார்க் சிட்டிக்குப் போனாங்க. ஷிஃப்டிங் பவுண்டரீஸ். நான் படிச்சதுலயே என்னைத் தூக்கி உட்கார வெச்சது இதுதான். 30 மிடில் ஸ்கூல், ஆறாவது ஏழாவது, 2,600க்கு மேல பசங்க. ஸ்கூல்களை நாலாப் பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு 6 வகுப்பு மட்டும். ஒரு குரூப்புக்கு வகுப்பே கிடையாது, பள்ளிக்கூடக் கட்டடத்துல மட்டும் மாற்றம். ஒண்ணுக்கு ரெண்டும். ஒண்ணுக்கு எதுவும் இல்லை, வழக்கம் போல.

கட்டடத்துல என்ன மாற்றம்னா, பசங்க கையில ஸ்கூலோட மேப்பைக் குடுத்து, எங்கெல்லாம் உனக்கு பாதுகாப்பா இருக்கு, எங்கெல்லாம் பயமா இருக்குன்னு குறிச்சுக் குடுங்கன்னாங்க. எல்லா மேப்பையும் சேர்த்தா எந்தப் படிக்கட்டு, எந்த வராண்டா முனை, எந்த பாத்ரூம் வாசல்னு தெரிஞ்சு போச்சு, அந்த இடத்துல பெரியவங்களை நிக்க வெச்சாங்க. ஸ்கூல் பூரா போஸ்டர் ஒட்டினாங்க, நடந்தா யார்கிட்ட வரணும்னு. அப்புறம், ஒருத்தர் இன்னொருத்தருக்குத் தொல்லை குடுத்தா ஸ்கூலே எழுத்துல ஒரு ஒப்பந்தம் போடும், இனிமே இவ பக்கத்துல இந்த இடத்துல இந்த நேரத்துல நீ போகக் கூடாதுன்னு, கோர்ட் போடற தடை உத்தரவு மாதிரி, ஆனா போலீஸ் இல்லாம ஸ்கூலுக்குள்ளயே.

ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, வகுப்பு மட்டும் எடுத்த ஸ்கூல்ல ஒண்ணும் அசையலை. கட்டடத்துல மாற்றம் பண்ணின ஸ்கூல்லயும், ரெண்டும் சேர்த்துப் பண்ணின ஸ்கூல்லயும் பாலியல் சீண்டலும் பாலியல் வன்முறையும் குறைஞ்சுது. வகுப்பு ஒண்ணு கூட நடத்தாத ஸ்கூல்ல!

பேண்ட் ரூம் பின்னாடி படிக்கட்டுன்னு நான் மேல எழுதினேன்ல. அங்க ஒரு டீச்சர் நின்னிருந்தா அந்தக் கை முறுக்கல் நடந்திருக்காது. அவ்ளோதான், பெரிய மனோதத்துவம் இல்லை. "யார்கிட்டம்மா"ன்னு என் பொண்ணு கேட்ட கேள்விக்கு நான் படிச்ச அத்தனையிலயும் நேரடியா பதில் சொன்னது இது ஒண்ணுதான்: இந்த இடத்துல, இந்த ஆள்கிட்ட, இந்த ஃபார்ம். குறைன்னு பார்த்தா, ஆறு மாசம்தான் பார்த்திருக்காங்க, ஹைஸ்கூல்ல பெரிய பசங்ககிட்ட இது எடுபடுமான்னு இந்த ஆய்வை வெச்சு சொல்ல முடியாது, ஸ்கூலுக்கு வெளியில காருக்குள்ள போனுக்குள்ள நடக்கிறதை வராண்டாவுல நிக்கிற டீச்சர் தடுக்க முடியாது. இருந்தும் நாலரை குடுக்கிறேன், செலவைப் பார்த்தா அஞ்சே குடுக்கலாம்.

கோச்சிங் பாய்ஸ் இன்டு மென் பத்திச் சுருக்கமா. எலிசபெத் மில்லர்ங்கிற டாக்டர் குழு சேக்ரமென்டோவுல 16 ஹைஸ்கூல்ல விளையாட்டு வீரர்களா இருக்கிற சுமார் 2,000 பையன்களை வெச்சுப் பண்ணினது. ஸ்பெஷல் ஆள் யாரும் வர மாட்டாங்க, பிராக்டிஸ்க்கு முன்னாடி கோச்சே வாரம் ஒரு தடவை 10, 15 நிமிஷம் பேசுவார், பொண்ணுங்களைப் பத்தி லாக்கர் ரூம்ல எப்படிப் பேசறோம், நண்பன் தப்பு பண்ணா எப்படித் தடுக்கிறதுன்னு. மூணு மாசத்துல நடுவுல புகுந்து தடுக்கிறது கூடுச்சு, ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ வன்முறை பண்றதும் குறைவா இருந்துச்சு. பையன் பண்றதை நிறுத்தணும்னா பையன்கிட்ட தானே பேசணும், பொண்ணுக்கு மட்டும் பத்திரமா இருன்னு சொல்லிட்டே இருந்தா எப்படி. இதை மும்பையில ஸ்கூல் கிரிக்கெட் கோச்சுகளை வெச்சு பரிவர்தன்னு நடத்தினாங்க, அங்க பொண்ணுங்களைப் பத்தின மனப்போக்கு மாறியிருக்குன்னு வந்துச்சு. நம்ம ஊர்ல கோச், பி.டி. மாஸ்டர் பேச்சுக்கு பசங்க குடுக்கிற மரியாதையை நினைச்சா இது நம்ம பக்கத்துக்கு ரொம்பப் பொருந்தும்னு தோணுது. எங்க ஸ்கூல்ல சாக்கர் கோச்கிட்ட பேசியிருக்கோம், சரின்னுட்டார்.

கென்டக்கில 26 ஹைஸ்கூல்ல பண்ணின கிரீன் டாட், பக்கத்துல இருக்கிறவங்க தலையிட்டுத் தடுக்கப் பழக்கறது. பாலியல் வன்முறை குறைஞ்சது மூணாவது நாலாவது வருஷத்துலதான். நல்ல ப்ரோகிராம், ஆனா ஒரு வருஷ பட்ஜெட்டோட நிக்கிற எங்களை மாதிரி ஸ்கூலுக்குத் தாங்காது.

கடைசியா டேட்டிங் மேட்டர்ஸ், இது சிடிசியே உருவாக்கினது. பால்டிமோர், சிகாகோ, ஓக்லேண்ட், ஃபோர்ட் லாடர்டேல் பக்கம்னு நாலு இடத்துல 46 மிடில் ஸ்கூல். ஆறாவதுல ஆரம்பிச்சு மூணு வருஷமும் வகுப்பு, பேரன்ட்ஸுக்குத் தனியா வகுப்பு, டீச்சருக்குப் பயிற்சி, ஊர் சுகாதாரத்துறையும் சேரணும். 2019ல வந்த ரிசல்ட்ல வன்முறை பண்றது 8% சொச்சம், படறது 10%க்குக் கிட்ட குறைவு. கமிட்டில ஒருத்தர் "இவ்ளோ பெரிய ப்ரோகிராமுக்கு வெறும் 8%ஆ"ன்னு கேட்டார். எதோட ஒப்பிட்டாங்கன்னு பார்க்கணும். எதுவும் குடுக்காத ஸ்கூலோட இல்லை, சேஃப் டேட்ஸ் குடுத்த ஸ்கூலோட. ஏற்கனவே ஒரு மருந்து சாப்பிடறவங்களை விட இன்னும் 8% நல்லா இருக்காங்கன்னா அது சாதாரணம் இல்லை. பாட நூல், பயிற்சி எல்லாம் சிடிசி தளத்துல இலவசம். ஆனா ஒரு ஸ்கூல் தனியா இழுக்கற தேர் இல்லை இது, ஊரே வடம் பிடிக்கணும், எங்க கவுன்டி சுகாதாரத்துறையில கேட்டிருக்கோம், பதில் வரட்டும். நட்சத்திரம் குடுக்காம நிறுத்தி வெச்சிருக்கேன்.

பேரன்ட்ஸுக்கு ஒரு சின்ன விஷயம். சேஃப் டேட்ஸ் பண்ணின ஃபோஷீ குழுவே வீட்டுக்கு 6 புத்தகம் தபால்ல அனுப்பி, அம்மா அப்பாவும் புள்ளையும் சேர்ந்து உக்காந்து செய்யற மாதிரி ஃபேமிலீஸ் ஃபார் சேஃப் டேட்ஸ்னு ஒண்ணு சோதிச்சாங்க, 2012ல ரிசல்ட் வந்துச்சு, பழகற ஆள்கிட்ட அடி வாங்கறது அந்த வீட்டுப் பசங்களுக்குக் குறைவா இருந்துச்சு. நம்ம வீடுகளுக்கு இதுதான் எல்லாத்தை விடவும் தேவைன்னு நான் நினைக்கிறேன். ஏன்னா நம்ம பசங்களோட பயம் பாதிக்கு மேல அந்தப் பையன் மேல இல்லை, நம்ம மேல. பழகினதே குத்தம்னு நாம ஆரம்பிச்சா, அடி வாங்கினதை அது சொல்லவே சொல்லாது. என் பொண்ணுகிட்ட நான் சொல்லிட்டேன், நீ யார் கூட பழகினேன்னு நான் கேக்கிறது வேற பேச்சு, அதை அப்புறம் வெச்சுக்கலாம், யாராவது உன்னை பயமுறுத்தினா அன்னிக்கு ராத்திரி போனைப் பிடுங்க மாட்டேன், கத்த மாட்டேன், அப்பாகிட்ட எப்போ சொல்றதுன்னு உன்னையும் கேட்டுத்தான் சொல்வேன்னு. முதல்ல நம்பலை. நாலு தடவை சொன்னதுக்கப்புறம் தலையாட்டினா.

எங்க கமிட்டி முடிவு: அசெம்ப்ளி கிடையாது. அக்டோபர்ல ஷிஃப்டிங் பவுண்டரீஸ் மாதிரி மேப் போடறது, ஒப்பந்த ஃபார்ம் ரெடி பண்றது, ஜனவரில இருந்து எட்டாவதுக்கு சேஃப் டேட்ஸ் பத்து வகுப்பும் முழுசா. பத்துல நாலை மட்டும் எடுத்துக்கலாமான்னு டைம்டேபிள் பார்க்கிறவங்க கேட்டாங்க, சோதிச்சது பத்து, நாலுக்கு என்ன பலன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்லி ஒத்துக்க வெச்சோம். அளக்கறதுக்கு பேர் போடாத சர்வே, வகுப்புக்கு முன்னாடி ஒண்ணு, ஆறு மாசம் கழிச்சு ஒண்ணு, அடுத்த வருஷம் ஹைஸ்கூலுக்குப் போனதுக்கப்புறம் ஒண்ணு. கேள்வியில 'பயந்தியா'ங்கிறதையும் சேர்த்திருக்கோம்.

உங்க ஸ்கூல்ல இப்படி ஒண்ணு வாங்கறாங்கன்னா விக்கிறவங்ககிட்ட இதை மட்டும் கேளுங்க: ஒரு வருஷம் கழிச்சு பசங்க என்ன பண்ணினாங்கன்னு அளந்தீங்களா, யாரோட ஒப்பிட்டீங்க, எங்க டீச்சருக்கு எத்தனை நாள் பயிற்சி. பதில் வரலைன்னா பிரோஷரை மடிச்சுத் திருப்பிக் குடுத்துடுங்க. அமெரிக்காவுல பசங்க நேரடியா கூப்பிட 1-866-331-9474, இருபத்தி நாலு மணி நேரமும் எடுப்பாங்க, என் பொண்ணு போன்ல வேற ஒரு பேர்ல சேவ் பண்ணி வெச்சிருக்கா. நம்ம ஊர்ல 18 வயசுக்குள்ள இருக்கிற பசங்களுக்கு 1098.

போன ஞாயித்துக்கிழமை ஒத்திகை மாதிரி எங்க டைனிங் டேபிள்ல ஸ்கூல் மேப்பை விரிச்சு, என் பொண்ணும் அவ தோழியும் உக்காந்து கலர் பென்சில்ல குறிச்சாங்க. நான் அடுப்படியில இருந்து பார்த்துட்டு இருந்தேன். பேண்ட் ரூம் படிக்கட்டை அந்தப் பொண்ணுதான் சிவப்பு அடிச்சுது, ரொம்ப நேரம், கோடு வெளிய போகாம. அப்புறம் பஸ் ஏறுற இடத்துக்குப் பின்னாடி, ஜிம் ஓரம், ரெண்டாவது மாடி பாத்ரூம் வாசல்னு இன்னும் மூணு இடம். அந்த மூணும் எனக்கும் தெரியாது, கமிட்டில யாருக்கும் தெரியாது. திங்கக்கிழமை காலையில அந்தப் பேப்பரை எடுத்துட்டுப் போய் பிரின்சிபல் கையில குடுத்துட்டு வந்தேன்.